வெள்ளிக்கிழமை வெந்த சாப்ஸ்

கண்ணாடி மூடியின் உள்பக்கம் நீர்த்துளிகள் கோத்துக்கொண்டு நிற்கும். ஒன்று பெருத்து, பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக்கொண்டு, ஓரமாக வழிந்து உள்ளே இறங்கிவிடும். சற்று நேரத்தில் அதே இடத்தில் இன்னொரு துளி வந்து நிற்கும். பெங்களூர் ஈஜிபுராவில் நாம் முதலில் குடியிருந்த ஒற்றை அறை வீட்டில், பிளக் பாயின்ட்டுக்குக் கீழே தரையில் அந்தச் சட்டியை வைத்துவிட்டு, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு வெள்ளிக்கிழமை பகல் முழுவதும் நான் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். வேறு எதுவும் அதில் பார்க்கக் கிடைக்கவில்லை. கொதி இல்லை, ஆவி இல்லை, சத்தம் இல்லை. உள்ளே கறி வேகிறதா, சும்மா வெந்நீரில் ஊறுகிறதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் பெரியவள் போனில் கேட்டாள்: "அப்பா, ஸ்லோ குக்கர்ல போர்க் சாப்ஸ் பண்ணுவீங்களே, கிரேவியோட, அது எப்படிப்பா? ஈஸிதானே?" ஈஸிதான் கண்ணு. ஒரு விரல் கனத்துக்கு எலும்போடு வெட்டிய சாப்ஸ் துண்டுகளில் உப்பும் மிளகுத்தூளும் தடவி, வாணலியில் இரண்டு பக்கமும் சிவக்க விட்டு எடுக்க வேண்டும். சட்டியின் அடியில் வட்டமாக நறுக்கிய வெங்காயத்தைப் பரப்பி, அதன் மேல் துண்டுகளை அடுக்க வேண்டும். காளான் சூப் பொடியை ஒன்றரை டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்ற வேண்டும். குமிழைத் திருகி 'லோ'வில் வைத்து எட்டு மணி நேரம் விட்டுவிட வேண்டும். நடுவில் மூடியைத் திறக்கக் கூடாது. கடைசியில் ஒரு ஸ்பூன் மைதாவைக் கரைத்து ஊற்றினால் குழம்பு கெட்டிப்படும். இவ்வளவுதான். ஆனால் இதை எழுத உட்கார்ந்தால் உங்கள் அம்மாவின் அப்பாவைப் பற்றி எழுதாமல் என்னால் முடிக்க முடியவில்லை. எனக்குப் பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும்தான் படிப்பு. கோவையாக எழுத வராது. தம்பியும் நீயும் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நான் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து தொண்ணூற்றொன்றில் பெங்களூருக்கு வந்து, பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். உங்கள் அம்மா அங்கே பேக்கிங் பிரிவில் இருந்தாள். கன்டோன்மென்ட் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். தாய் இல்லாமல், அவள் அப்பாதான், உங்கள் தாத்தா, அவளை வளர்த்தார். நாங்கள் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டோம். என் வீட்டிலிருந்து என் அம்மா மட்டும் வந்தாள். உங்கள் அம்மா பக்கம் யாரும் வரவில்லை. அதற்குப் பிறகு உங்கள் அம்மா சர்ச்சுக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். யாரும் அவளைப் போகாதே என்று சொல்லவில்லை. அவளுக்குத்தான் அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த பெஞ்சில் உட்காரக் கூச்சம்.

தாத்தா ஒரு கிளப்பில் சாப்பாடு பரிமாறும் பேரராக முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். உயரமாக இருப்பார். ஓய்வு பெற்ற பிறகும் சட்டையின் எல்லாப் பொத்தானையும், கழுத்துப் பொத்தான் வரை, போட்டுக்கொள்வார். பெரியவள் பிறந்து ஆறு மாதம் கழித்துத்தான் முதல்முறையாக நம் வீட்டுக்கு வந்தார். இரும்பு மடக்கு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். உங்கள் அம்மா அவசரமாக உலை வைக்கப் போனபோது, "நான் சாப்ட்டுட்டுதாம்மா வந்தேன்" என்றார். ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் குடித்தார். அன்றிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை வருவார். எந்த நேரத்துக்கு வந்தாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருப்பார். காலை எட்டு மணிக்கு வந்தாலும் அப்படித்தான்.  அவர் போன பிறகு உங்கள் அம்மா அந்த டம்ளரை எடுத்துக் கழுவிக்கொண்டே இருப்பாள்.

நம் பக்கத்தில் ஒருவர் ஒரு வீட்டில் கை நனைக்கவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வந்து போகலாம், பிள்ளையைக் கொஞ்சலாம், ஆனால் உறவு இன்னும் சேரவில்லை. கல்யாணமாகி ஐந்து வருஷம் அப்படியே போயிற்று. எனக்கு ஒரே ஆசைதான் அப்போது. அவர் ஒருவேளை நம் வீட்டில் சாப்பிட்டு, உங்கள் அம்மா அதைப் பார்க்க வேண்டும்.

ஸ்லோ குக்கர் வந்தது வேறு வழியில். எங்கள் கம்பெனியில் புது மெஷின் பொருத்துவதற்கு ஓர் அமெரிக்க இன்ஜினியர் வந்து ஒரு வருஷம் போலத் தங்கியிருந்தார். ஊர் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை எங்களுக்குக் கொடுத்துவிட்டார். ஆளாளுக்கு அயர்ன் பாக்ஸ், டேபிள் ஃபேன் என்று எடுத்துக்கொண்டார்கள். வெள்ளைக் களிமண் சட்டி வைத்த இந்தக் குக்கரை ஒருவரும் தொடவில்லை. நான் எடுத்தேன். உண்மையைச் சொன்னால், அதோடு இருந்த டிரான்ஸ்ஃபார்மருக்காகத்தான் எடுத்தேன். அது அமெரிக்கா சாமான், நூற்றுப்பத்து வோல்ட்டில்தான் ஓடும், அதற்காக அந்த மனிதர் செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருந்தார். ஃபிட்டருக்கு அதைவிட நல்ல சாமான் உண்டா? பிரித்துத் தாமிரக் கம்பியை எடுக்கலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. அதன் நடுப்பக்கத்தில் பளபளவென்று குழம்பு ஊற்றிய பன்றிச் சாப்ஸ் படம்.

எனக்கு உடனே தாத்தா நினைவு வந்தது. உங்கள் அம்மாவின் சின்ன வயதில், கிளப்பில் லீவு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் தாத்தா வீட்டிலேயே சாப்ஸ் பண்ணிப் போடுவாராம். "எங்கப்பாவுக்கு சாப்ஸ்னா உயிரு" என்று உங்கள் அம்மா நூறு தடவை சொல்லியிருக்கிறாள். நான் டிரான்ஸ்ஃபார்மரைப் பிரிக்காமல் பரண் மேல் ஏற்றி வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து உங்கள் அம்மா தன் அப்பாவிடம் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். பெரியவளுக்கு அப்போது நாலு வயது. தாத்தா ஏன் நம் வீட்டில் சாப்பிட மாட்டார் என்று அவள் கேட்க ஆரம்பித்திருந்தாள். "ஒரே ஒரு தடவைப்பா. புள்ளைக்கு என்ன பதில் சொல்றது நான்?"  தாத்தா, "அவருக்கு லீவு என்னிக்கு?" என்று கேட்டாராம். பொம்மசந்திராவில் எங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. அன்றைக்கு அந்தப் பக்கம் கரண்ட் கிடையாது. "அப்ப வெள்ளிக்கிழமை சாயந்திரம் வரேன். ஆறரைக்கு. ஏழரைக்கு சர்ச்சுக்குப் போகணும்" என்றாராம். உங்கள் அம்மா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னாள். "சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும் போதும். நான் டியூட்டி முடிச்சு வந்து செஞ்சிடுறேன். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றாள். அவள் அப்போது கார்மென்ட்ஸுக்கு மாறியிருந்தாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு வேலை உண்டு.

சாம்பாரா? ஐந்து வருஷம் கழித்துச் சாப்பிட வருகிற மனிதருக்கு? அவள் பயத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் வீட்டில் வெள்ளிக்கிழமை கறி சமைத்ததே இல்லை. என் அம்மா வெள்ளிக்கிழமை தலை முழுகி விளக்கேற்றுகிறவள். அந்த வழக்கத்தைத்தான் மருமகள் காப்பாற்றுகிறாள் என்று நான் ஐந்து வருஷமும் நம்பிக்கொண்டிருந்தேன். அதற்காக மனதுக்குள் அவளை மெச்சிக்கொண்டும் இருந்தேன். எனவே அந்த வெள்ளிக்கிழமை நானாக ஒரு முடிவு எடுத்தேன். எங்கள் பக்கத்து வழக்கத்தை அவருக்காக ஒருநாள் விட்டுக்கொடுப்பது. அவர் வீட்டு ஞாயிற்றுக்கிழமையை நம் வீட்டு வெள்ளிக்கிழமையில் வைப்பது. பெரிய மனதோடு செய்வதாக எனக்கு நினைப்பு.

விடிந்ததும் கன்டோன்மென்ட் பக்கம் போய்க் கறி வாங்கினேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கடையில் கூட்டமே இல்லை. அதுகூட எனக்கு உறைக்கவில்லை, சீக்கிரம் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். சூப் பொடிக்குக் கோரமங்களாவில் பெரிய கடை வரை போனேன். புத்தகத்தில் டின்னில் வரும் சூப் என்று போட்டிருந்தது. கடைப் பையன் அப்படி ஒன்று இல்லை என்று பாக்கெட்டைக் கொடுத்தான். உங்கள் அம்மா வேலைக்குக் கிளம்பும் வரை எல்லாவற்றையும் சைக்கிள் பையிலேயே வைத்திருந்து, ஒன்பதரை மணிக்குச் சட்டியை ஏற்றினேன். டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் வண்டு மாதிரி ரீங்கரித்தது.

பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். தர்மபுரிக்காரர். பெரியவளை அவர்தான் பகலில் பார்த்துக்கொள்வார்.

"என்ன தம்பி, காலையிலேர்ந்து தரையில உக்காந்து என்னத்தைக் காவல் காக்கிறே?"

"கறி வேகுதுக்கா."

"எத்தனை விசிலு?"

"விசிலெல்லாம் கிடையாதுக்கா. எட்டு மணி நேரம்."

"எட்டு மணி நேரமா? அதுக்குள்ள பன்னியே நடந்து தர்மபுரிக்குப் போயிடுமே." சிரித்தவர், உடனே முகத்தைச் சுளித்தார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா கறியா தம்பி?"

"அது நமக்குத்தானேக்கா. அவங்களுக்கு அதெல்லாம் இல்லை" என்றேன். அந்தக் குரல் எனக்கு இப்போதும் கேட்கிறது. எல்லாம் தெரிந்தவன் குரல்.

அஞ்சே முக்காலுக்கு உங்கள் அம்மா வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். எட்டு மணி நேரமும் அந்த ஒற்றை அறைக்குள்ளேயே வெந்ததால் சுவர், துணி, படுக்கை எல்லாம் அந்த வாசனை. நல்ல வாசனைதான். நான் மூடியைத் தூக்கிக் காட்டினேன். கரண்டி பட்டாலே கறி எலும்பை விட்டு நகர்ந்தது.

"உங்கப்பாவுக்கு. சாப்ஸ்" என்றேன்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வெள்ளி. அது எங்கம்மா வழக்கம். அவருக்காக நான் விட்டுட்டேன்."

அவள் தோள் பையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தாள். "தவக்காலம் நடக்குதுங்க" என்றாள். எனக்குப் புரியவில்லை. ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள், அதில் வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கர்கள் கறி தொட மாட்டார்கள், சுத்தபோசனம் என்று அதற்குப் பெயர், அவள் அப்பா அந்த நாட்களில் முட்டைகூட எடுக்க மாட்டார். எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னாள். "அப்ப நீ வெள்ளிக்கிழமை கறி ஆக்காதது?" என்று கேட்டேன். "எங்க வீட்ல வருஷம் பூரா வெள்ளிக்கிழமை கறி கிடையாது. நீங்களும் கேக்கல. உங்களுக்கும் கிடையாதுன்னு விட்டுட்டேன்." அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே சத்தம்தான் வந்தது.

பிறகு எழுந்துவிட்டாள். பருப்பை பிரஷர் குக்கரில் போட்டாள். உருளைக்கிழங்கை என் கையில் கொடுத்து உரிக்கச் சொன்னாள். சட்டியை இரண்டு துணியால் பிடித்துத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே ஒரு பெட்ஷீட்டைத் தொங்கவிட்டாள். வாசனைக்கு என்ன செய்வது? ஒரு கட்டு ஊதுபத்தியை ஒரே நேரத்தில் கொளுத்தினேன். கறி வாசனையும் ஊதுபத்தியும் சேர்ந்ததும் அறைக்குள் மூச்சுவிட முடியவில்லை.

தாத்தா ஆறரைக்குச் சரியாக வந்தார். சட்டைப் பையில் சிலுவைப்பாதை செபப்புத்தகம் துருத்திக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றும்போதே ஒரு கணம் நின்றார்.  உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். உங்கள் அம்மா தட்டு வைத்து, சோறு போட்டு, சாம்பார் ஊற்றினாள். அவர் கையை நீட்டுகிற நேரத்தில், நீ பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்தாய், பெரியவளே. அவர் முதுகில் சாய்ந்துகொண்டு, "தாத்தா, அப்பா காலையிலேர்ந்து உனக்குப் பன்னிக்கறி செஞ்சாங்க. அம்மா கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வெச்சிட்டாங்க" என்றாய். பக்கத்து அக்கா வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாய். உன் மேல் தப்பில்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல செய்தி என்ன இருக்க முடியும்?

உங்கள் அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.  மறைக்கவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. நான் குனிந்து சட்டியை வெளியே இழுத்தேன். "உங்களுக்காகத்தான் மாமா செஞ்சேன், ஸ்பெஷலா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது இதுதான்.

அவர் என்னைப் பார்த்தார். உங்கள் அம்மாவைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார்.

"அப்பா, சாம்பார் ஊத்தியிருக்கேன்ப்பா" என்றாள் உங்கள் அம்மா.

"இருக்கட்டும்மா. அதைப் போடுங்க தம்பி" என்றார்.

நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். அதில் ஓர் இடத்தில் கை நின்று நகர்ந்தது. சாப்பிட்டார். ஒரு துண்டு முழுவதும் சாப்பிட்டார். எலும்பைச் சுத்தமாக வைத்தார். "இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டு இரண்டாவதும் சாப்பிட்டார். சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து, உனக்கும் ஒரு வாய் கொடுத்தார். "நல்லா வெந்திருக்கு" என்றார். கை கழுவி, கைக்குட்டையால் துடைத்து, கடிகாரத்தைப் பார்த்து, செபப்புத்தகத்தைச் சரிசெய்துகொண்டு சர்ச்சுக்குப் போனார். உங்கள் அம்மாவும் நானும் அன்றைக்கு ஒன்றும் சாப்பிடவில்லை.

அதோடு உறவு சேர்ந்துவிட்டது என்று நான் நினைத்தேன். தப்பாகப் போனாலும் காரியம் ஆயிற்றே என்று. அடுத்த மாதம் ஈஸ்டர் முடிந்து வந்தார். உங்கள் அம்மா பிரியாணி செய்திருந்தாள். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, "சாப்ட்டுட்டுதாம்மா வந்தேன்" என்றார். தண்ணீர் குடித்தார். போனார். அதற்கடுத்த மாதமும் அப்படியே. அந்த வெள்ளிக்கிழமை ஒன்று நடக்கவே இல்லை என்பது போல ஆறு வருஷம் ஓடியது. தம்பி பிறந்தான். நாம் அதே தெருவில் இரண்டு அறை வீட்டுக்கு மாறினோம். தண்ணீர் மட்டும்தான்.

எனக்கு இது விளங்கவே இல்லை. சாப்பிடக் கூடாத ஒரே நாளில் சாப்பிட்டார். சாப்பிடலாம் என்கிற எல்லா நாளிலும் சாப்பிடவில்லை. கிழமையை மறந்துவிட்டாரா? செபப்புத்தகம் பையில் இருக்கும்போது எப்படி மறப்பார்? முப்பது வருஷம் பேரராக இருந்த பழக்கத்தில், மேஜைக்கு வந்ததைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று சாப்பிட்டாரா? அல்லது மகளுக்காகவா? மகளுக்காக என்றால் அடுத்த மாதம் பிரியாணி என்ன பாவம் செய்தது? பஸ்ஸில் பொம்மசந்திரா போகும்போதெல்லாம் இதையே யோசித்திருக்கிறேன். உங்கள் அம்மாவிடம், "நீ ஒரு தடவை கேளேன். எனக்குத் தெரியாதுன்னாவது சொல்லேன்" என்று சொல்லியிருக்கிறேன். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். வெகுநாள் கழித்துத்தான் காரணம் சொன்னாள். "உங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னா, அஞ்சு வருஷமா தவக்காலம்னா என்னன்னே தெரியாத வீட்ல நான் இருக்கேன்னு அவருக்குத் தெரிஞ்சிடும். அதுக்கு இது பரவால்ல."

அந்த ஆறாம் வருஷ முடிவில் அவருக்குக் கண்ணில் புரை. ஆபரேஷனுக்கு முன்னால் பரிசோதனைக்கு நான் லீவு போட்டு அழைத்துப்போனேன். செவ்வாய்க்கிழமை. கண்ணில் சொட்டு மருந்து ஊற்றி, ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்காரச் சொன்னார்கள். வரிசையாகப் பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்குப் பக்கத்தில் நான். அவர் என் முகத்தைப் பார்க்க முடியாது என்பதால்தான் எனக்குத் தைரியம் வந்தது.

"மாமா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க தம்பி. தூங்கவும் விட மாட்டேங்கிறாங்க."

"அன்னிக்கு, சாப்ஸ் செஞ்சேனே, அது வெள்ளிக்கிழமைன்னு உங்களுக்கு நினைப்பு இருந்ததா?"

 மூடிய கண்ணிலிருந்து மருந்து கன்னத்தில் வழிந்தது. துடைத்துக்கொண்டார்.

"அதை நான்ல உங்களைக் கேக்கணும்" என்றார். "என் விரதம் பெருசா, உங்க வீடு பெருசான்னு பார்க்கத்தானே வெச்சீங்க?"

 "மாமா, எனக்குத் தெரியாது" என்றேன்.

"என்ன தெரியாது?"

"தவக்காலம்னா என்னன்னே தெரியாது. அன்னிக்கு அஞ்சே முக்காலுக்குத்தான் அவ சொன்னா."

"அஞ்சு வருஷம் என் பொண்ணோட குடும்பம் நடத்தி?"

"அவ வெள்ளிக்கிழமை கறி ஆக்க மாட்டா மாமா. எங்கம்மாவுக்காகன்னு நினைச்சேன்."

அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய எனக்குச் சற்று நேரமாயிற்று. நர்ஸம்மா வந்து, "தாத்தா, அழாதீங்க, மருந்து வெளிய வந்துடும்" என்று கன்னடத்தில் அதட்டிவிட்டுப் போனார்.

"நான் வெள்ளின்னு சொன்னதே உங்களுக்காகத்தான்" என்றார். "உங்க ஆளுங்க வெள்ளிக்கிழமை கறி எடுக்க மாட்டாங்க. எங்களுக்கும் இல்ல. சாம்பாரோட போயிடும், யாருக்கும் கஷ்டம் இல்லைன்னு பார்த்தேன். வந்தா வாசல்லயே அந்த வாசனை. பொண்ணு ஒளிச்சு வெக்கிறா, நீங்க வெளிய இழுத்து வெக்கிறீங்க. அவளுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியாம இருக்குமா? எழுந்து போயிடலாம்னு இருந்துச்சு. போயிருந்தா என் பொண்ணு அத்தோட முடிஞ்சா. அதனால சாப்ட்டேன்."

"தண்ணியோட நிறுத்திட்டீங்களே மாமா அப்புறம்."

"ஒருதடவை ஜெயிச்சீங்க. போதாதா? மாசாமாசம் ஜெயிக்கணுமா?" பிறகு தனக்குள் பேசுகிற மாதிரி சொன்னார். "பாவசங்கீர்த்தனத்துல, செஞ்ச பாவத்தோட சேர்த்து இதையும் சொன்னேன். மனசார வருந்தறியான்னு ஃபாதர் கேட்டார். தெரியலைன்னேன். அவரே குழம்பிட்டாரு."

 நான் முடிந்தது என்று நினைத்தேன். அவர் திடீரென்று கேட்டார்: "அப்ப நான் சும்மாவா சாப்ட்டேன்?"

பிள்ளைகளே, யோசித்துப் பாருங்கள். ஆறு வருஷமாக அவர் மனதில் அது ஒரு பெரிய காரியமாக இருந்திருக்கிறது. மகளுக்காகத் தன் கடவுளிடமே கணக்குச் சொல்லத் துணிந்து செய்தது. தெரியாது என்று நான் சொன்ன ஒரு வார்த்தையில் அது ஒரு மடையன் வைத்த கறியாகப் போய்விட்டது. தெரிந்துதான் செய்தேன் என்று பொய் சொல்லியிருந்தால் அவர் பெரியவராகவே இருந்திருப்பார், நான் கெட்டவனாக இருந்திருப்பேன். எது நல்லது? உண்மையைச் சொன்னது சரி என்றுதான் உங்களை வளர்த்தேன். ஆனால் அந்த பெஞ்சில் அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தபோது எனக்குச் சரி என்று தோன்றவில்லை.

பரிசோதனை முடிந்து ஆட்டோவில் ஏறினோம். கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டிருந்தார்கள். ஆட்டோக்காரரிடம் அவர் வீட்டு வழி சொல்ல வாயெடுத்தேன். "ஈஜிபுரா போப்பா" என்றார் அவர். "பசிக்குது தம்பி. காலையிலேர்ந்து வெறும் வயிறு. டெஸ்ட்டுன்னு சாப்பிடாம வந்துட்டேன்."

வீட்டில் உங்கள் அம்மா எதையும் எதிர்பார்க்கவில்லை. காலையில் வடித்த சோறும் பீர்க்கங்காய்க் கூட்டும் இருந்தன. வழக்கம் போலத் தண்ணீர் டம்ளரை நீட்டினாள். "தட்டு வைம்மா" என்றார். அவளுக்கு முதலில் காதில் விழவில்லை, அல்லது விழுந்தும் நம்பவில்லை. நான் தட்டு எடுத்து வைத்தேன். அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. விரல்கள் தட்டின் ஓரத்தைத் தடவிக் கூட்டைத் தேடின. உங்கள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கூட்டு இருந்த பக்கமாகத் தட்டைக் கொஞ்சம் திருப்பி வைத்தாள்.  "மிளகாய் ஜாஸ்தி" என்றார், இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொண்டார். ஸ்கூலிலிருந்து நீங்கள் வந்தபோது, பெரியவளே, நீ வாசலிலேயே பையைப் போட்டுவிட்டு, "தாத்தா சாப்பிடறாரு" என்று தம்பியிடம் ரகசியம் போலச் சொன்னாய். அதற்குப் பிறகு அவர் இருந்த மூன்று வருஷமும் நம் வீட்டில் சாப்பிட்டார். அது உங்களுக்கே நினைவிருக்கும்.

ஸ்லோ குக்கரை நான் இப்போதும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இறக்குகிறேன். இப்போது மறுபடி சர்ச்சுக்குப் போகத் தொடங்கிவிட்ட உங்கள் அம்மா சாயந்திரப் பூசை முடிந்து வரும்போது கறி வெந்திருக்கும். தவக்காலம் எப்போது தொடங்குகிறது என்று காலண்டரில் பார்த்து முதலிலேயே வட்டம் போட்டு வைத்துவிடுவேன். அவள் அதைப் பார்த்துச் சிரிப்பாள். சாப்பிட உட்காரும்போது எங்களுக்குள் ஒரே விவாதம்தான். தாத்தா நம் வீட்டில் முதன்முதலாகச் சாப்பிட்டது எந்த நாள்? வெள்ளிக்கிழமைதான் என்கிறாள் அவள். செவ்வாய்க்கிழமை என்கிறேன் நான். வெள்ளிக்கிழமை அவர் என்னோடு சண்டை போட்டுக்கொண்டுதானே சாப்பிட்டார், கூட்டைத்தான் பசித்துச் சாப்பிட்டார் என்கிறேன்.

"பசிச்சா யார் வீட்டுலயும்தான் சாப்பிடுவாங்க" என்கிறாள் உங்கள் அம்மா.

நான் அவள் தட்டில் இன்னொரு துண்டை வைக்கிறேன்.